பன்னிரண்டாவது சான்றிதழ்

ஐல்சா பெட்ரி முதல் நாள் வந்தபோதே கையோடு ஒரு தடித்த கோப்பைக் கொண்டு வந்திருந்தாள். நாற்காலியில் உட்காரும் முன்பே அதைத் திறந்து, உள்ளே இருந்த தாள்களை ஒவ்வொன்றாக உருவி, சீட்டாட்டத்தில் சீட்டு போடுவது போல ஷோனாவின் மேசைமேல் வைத்தாள். நூலகம், பழைய துணி விற்கும் தர்மக் கடை, நகராட்சிப் பூங்கா, முதியோர் இல்லத்துச் சமையலறை, இரண்டு காப்பிக் கடைகள், இன்னும் என்னென்னவோ. மொத்தம் பதினொன்று. எல்லாமே வழவழப்பான தாளில், தங்க நிறக் கரை போட்ட பணி அனுபவச் சான்றிதழ்கள்.

"எல்லா எடத்துலயும் கடைசி நாள் கேக் வெட்டினாங்க," என்றாள் ஐல்சா. "கட்டிப் புடிச்சாங்க. உன்ன மாதிரி ஒரு பொண்ணு கெடைக்கவே மாட்டான்னாங்க. அப்புறம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அப்போ நல்லா வேலை செஞ்சிருக்கேன்னு சொல்லு."

"செஞ்சேன். அதான் கேக்கறேன். நல்லா செஞ்சா ஏன் அனுப்பறாங்க?"

ஷோனா கெடிஸ் அந்தத் தாள்களை ஒன்றாக அடுக்கினாள். ஸ்காட்லாந்தின் ஃபோர்ஃபார் ஊர்க் கடைத்தெருவில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில், உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ள இளைஞர்களுக்கு வேலை தேடித் தருகிற அந்தச் சின்ன அமைப்பில் அவள் ஏழு வருஷமாக இருக்கிறாள். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களைக் கீழே எதிர்ச்சாரிக் காப்பிக் கடையில்தான் சந்திக்க வேண்டும். ஊரையெல்லாம் தடையை எடு, வாசலை அகலமாக்கு என்று கேட்கிற அலுவலகத்தின் லட்சணம் இது என்று அவளே தினமும் ஒரு தடவை தலையில் அடித்துக்கொள்வாள்.

ஐல்சாவுக்கு வயது இருபத்திரண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். குள்ளம், கெட்டியான தோள்கள், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள். சில சொற்கள் நாக்கில் சிக்கும். அப்போது நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து சொல்வாள். நடுவில் யாராவது எடுத்துக் கொடுத்தால் முறைப்பாள்.

"உனக்கு எந்த மாதிரி வேலை புடிக்கும்?" என்று ஷோனா கேட்டாள்.

"காலைல சீக்கிரம் எழுந்துப்பேன். கையால செய்யற வேலை வேணும். என்னை யாரும் சமத்துக்குட்டின்னு கூப்பிடக் கூடாது."

மூன்றையும் ஷோனா எழுதிக்கொண்டாள். மூன்றாவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதினாள்.

யூல் பேக்கரியில் பிரைடி மேசைக்கு ஆள் தேவை என்று அந்த வாரமே விளம்பரம் வந்தது. பிரைடி என்பது மாட்டிறைச்சிப் பூரணம் வைத்து, சோமாசி மாதிரி பாதி நிலா வடிவத்தில் மடித்து, ஓரத்தை விரலால் கொசுவிச் சுட்டெடுப்பது. அந்த ஊருக்கே அதுதான் அடையாளம். மேலே ஒரு துளை போட்டிருந்தால் வெறும் இறைச்சி, இரண்டு துளை இருந்தால் வெங்காயம் சேர்த்தது. ஃபோர்ஃபாரில் பிறந்த குழந்தைக்கு ஒன்று இரண்டு எண்ணத் தெரிவதே அதை வைத்துத்தான் என்பார்கள்.

நேர்காணலுக்கு ஐல்சா நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். கூட ஷோனாவும் உட்காரலாம், ஆனால் பேசக் கூடாது என்று ஏற்பாடு. முதலாளி டக்கி யூல் ஐம்பதைத் தொடப்போகிற, எப்போதும் புருவத்தில் மாவு ஒட்டியிருக்கிற மனிதர். கெட்டவர் இல்லை. எங்கிருந்தோ அச்சடித்து எடுத்த கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவளைவிட அதிகமாகத் தடுமாறினார்.

"இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எந்த நெலைமைல இருப்பீங்க?"

ஐல்சா யோசித்தாள். "இருபத்தேழு வயசுல."

டக்கி இருமிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். "உங்ககிட்ட இருக்கற ஒரு பலவீனம் சொல்லுங்களேன்."

"காளான் சாப்பிட மாட்டேன்."

இரண்டு நாளில் கடிதம் வந்தது. அவளைவிடப் பொருத்தமான ஒருவர் கிடைத்துவிட்டாராம். அந்தப் பொருத்தமானவர் ஒன்பது நாள் வேலை பார்த்துவிட்டு, விடியற்காலையில் எழுந்திருப்பது உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று நின்றுவிட்டார். ஊர் சின்னது. செய்தி அன்று மாலையே ஷோனாவின் காதுக்கு வந்தது. மறுநாள் காலை அவள் பேக்கரியின் பின்வாசலில் போய் நின்றாள்.

"டக்கி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த மேசைல வேலை செய்யறவங்கள்ல யாருக்காவது அஞ்சு வருஷத் திட்டம் இருக்கா?"

"மேசைத் தலைவி நெட்டாவுக்கு இருக்கு. ரிடையர் ஆகறது."

"நீங்க ஆள் தேடறது பேசறதுக்கா, பிரைடி மடிக்கறதுக்கா?"

டக்கி காதைச் சொறிந்துகொண்டார்.

"நாலு வாரம் அவளை மேசைல நிக்க வெச்சுப் பாருங்க. பயிற்சின்னு வெச்சுக்குங்க. நான் கூட இருக்கேன். கைய பாத்து முடிவு பண்ணுங்க, வாய பாத்து வேணாம்."

"நாலு வாரம்," என்றார் டக்கி. "அதுக்கு மேல நான் எதுவும் சொல்லல."

முதல் சிக்கல் பேருந்து. வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஐல்சாவின் தெருவிலிருந்து முதல் பேருந்தே ஆறரைக்குத்தான். ஷோனா இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அந்த மேசைத் தலைவி நெட்டா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஆறு மணிக்கு வந்து என்னத்த பண்றோம்? மாவு ஏழு மணிக்குத்தான் மேசைக்கு வருது. ஒரு மணி நேரம் ஊர்வம்பு பேசிக்கிட்டு நிக்கறோம்." டக்கிக்கே இது புதுச் செய்தி. அப்பா காலத்திலிருந்து ஆறு மணி, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து பிரைடி மேசைக்கு மட்டும் ஏழு மணி என்று ஆயிற்று. மேசையில் நின்ற மற்ற மூன்று பெண்களும் ஐல்சாவுக்கு மனசுக்குள் கோயில் கட்டினார்கள்.

நெட்டா மட்டும் இறங்கி வரவில்லை. முப்பத்தோரு வருஷம் அந்த மேசையில் நின்றவள். "இங்க பாருங்க ஷோனா," என்று முதல் நாளே சொன்னாள், "எனக்கு முதுகு வலி, புருஷன் வலி, ரெண்டும் இருக்கு. பிள்ளை வளர்க்கறதுக்கு நான் வரல."

"வேணாம். மத்தவங்களை எப்படி நடத்துவீங்களோ அப்படியே நடத்துங்க."

"அப்படி நடத்தினா அழுவா."

முதல் வாரம் ஐல்சாவின் கை மெதுவாகத்தான் போனது. ஷோனா வேலையைப் பதினான்கு படிகளாகப் பிரித்து, படம் வரைந்து, சுவரில் ஒட்டினாள். ஐல்சா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஒம்பதாவது படம் தப்பு. பூரணம் வைக்கறதுக்கு முன்னாடி ஓரத்துல தண்ணி தடவணும்," என்றாள். நெட்டா எட்டிப் பார்த்து, முதல் முறையாகச் சிரித்தாள்.

புதன்கிழமை ஐல்சா ஒரு முழுத்தட்டு வெங்காயப் பிரைடிக்கு ஒற்றைத் துளை போட்டுவிட்டாள். அது கடைக்குப் போய், வெங்காயம் ஆகாத ஒரு கிழவர் கடித்துவிட்டு வந்து சண்டை போட்டார். நெட்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏய் குட்டி! கண்ண எங்க அடகு வெச்ச? வெங்காயத்துக்கு எத்தனை?"

"ரெண்டு."

"இதுல எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"அந்தாளு இன்னிக்கு பூரா கழிப்பறைல உக்காந்துக்கிட்டு உன்னையும் என்னையும் திட்டுவான். இனிமே தட்டு அடுப்புக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாரு. போ, அடுத்த தட்ட எடு."

திரும்பிப் போகும் வழியில் காரில் ஷோனா எப்படித் தேற்றலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஐல்சா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரிப்பு?"

"நெட்டா என்னைத் திட்டிட்டா!"

"அதுல என்ன சந்தோஷம்?"

"எல்லாரையும் திட்டற மாதிரியே திட்டினா, ஷோனா. இதுவரைக்கும் எந்த எடத்துலயும் என்னை யாரும் திட்டினதே இல்ல. தப்பு பண்ணா அவங்களே சரி பண்ணிட்டு, பரவால்ல கண்ணுன்னுடுவாங்க."

இரண்டாம் வாரம் ஷோனா மேசையை விட்டு விலகி வாசலோரம் நின்றாள். மூன்றாம் வாரம் வெளியே காரில் உட்கார்ந்து கோப்பு எழுதினாள். நான்காம் வாரம் அவள் போகவே இல்லை. அவளுடைய வேலையில் அதுதான் வெற்றி. தன் கால் அங்கே படாமலேயே காரியம் நடக்க வேண்டும்.

கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் போனாள். தேநீர் அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மேசைமேல் கேக் இருந்தது. அதன் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். டக்கி புருவத்து மாவைத் துடைத்துக்கொண்டு பேச எழுந்தார்.

"ஐல்சா வந்ததுலேர்ந்து இந்த எடமே கலகலப்பா ஆயிடுச்சு. அவளை விட எங்களுக்கு மனசில்ல. அதனால அவ வாரத்துல ரெண்டு நாள் காலைல வாலண்டியரா வந்துக்கிட்டே இருக்கலாம். எத்தனை வருஷம் வேணாலும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போக பிரைடி இலவசம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஷோனாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பன்னிரண்டாவது இடத்திலாவது வீட்டுக்கு அனுப்பவில்லையே. 'ரொம்ப நன்றி டக்கி' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தே விட்டாள்.

"அந்த வேலை என்னாச்சு?" என்று ஐல்சா கேட்டாள்.

"எந்த வேலை?"

"விளம்பரம் போட்டீங்களே. அந்த வேலை."

"அதுக்கு ஆள் எடுக்கணும்மா. திங்கக்கிழமை ரெண்டு பேர் வர்றாங்க. உனக்கு எதுக்கு அந்தப் பாரமெல்லாம்? நீ ஜாலியா வந்துட்டுப் போ."

ஐல்சா திரும்பினாள். "நெட்டா, நீங்க வாலண்டியரா?"

"எது?" என்றாள் நெட்டா. "முப்பத்தோரு வருஷமா இந்த அடுப்படில வேகறேன், சும்மாவா?"

ஐல்சா மறுபடி டக்கியைப் பார்த்தாள். அடுத்த வாக்கியம் நாக்கில் சிக்கியது. நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"நான் மடிச்ச பிரைடியை ஜனங்க சும்மாவா வாங்கிட்டுப் போறாங்க? காசு குடுத்துத்தானே?"

"ஆமா."

"அப்போ எனக்கும் சம்பளம் குடுக்கணும்."

டக்கியின் முகம் சிவந்துவிட்டது. "இல்லம்மா, நீ இன்னும் கொஞ்சம் மெதுவாத்தான்..."

"நீ உங்கப்பன்கிட்ட சேந்த புதுசுல ஒரு தட்டுக்கு அரை மணி நேரம் எடுத்துப்ப," என்றாள் நெட்டா, தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே. "இந்தக் குட்டி பதினஞ்சு நிமிஷத்துல முடிக்கறா. நான் கடிகாரத்த பாத்தேன்."

டக்கி ஏதோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டு, "யோசிக்கலாம்," என்றார்.

ஐல்சா முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள். நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள். சட்டம் போட்ட சான்றிதழை டக்கியின் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"இது என்கிட்ட பதினொண்ணு இருக்கு. வேலை இருந்தா கூப்பிடுங்க. வர்றேன்."

கேக்கில் ஒரு துண்டுகூட எடுக்காமல் வெளியே நடந்தாள். ஷோனா கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

காரில் ஐல்சாவுக்கு இருக்கைப் பட்டையை மாட்ட வரவில்லை. இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை மாட்டிவிட்டு, அழத் தொடங்கினாள். "எனக்கு அந்த எடம் ரொம்பப் புடிச்சிருந்துது, ஷோனா."

"தெரியும்."

"நீங்க சரின்னு சொல்லப் போனீங்க."

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் ஷோனாவுக்குத் தோன்றியது. "ஆமா. சொல்லப் போனேன்."

"இனிமே என்னைக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

"கேக்கறேன்," என்றாள் ஷோனா. ஏழு வருஷத்தில் எத்தனை பேருக்காக எத்தனை தடவை கேட்காமலே சரி சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் பொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பெண்ணுக்காக வேலை செய்கிறோம் என்பதில் ஒரு திமிர்.

ஐல்சாவின் அம்மா மோரக், விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த தட்டைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுப் பொரிந்தாள். "கெடைச்சதைப் போய் விட்டுட்டு வந்திருக்கா பாருங்க! பிடிவாதம்! சம்பள வேலைன்னு போனா அரசாங்கம் குடுக்கறது நின்னுடும். நாளைக்கே வேலை போச்சுன்னா மறுபடி யார் குடுப்பா? உங்களுக்கென்ன, நீங்க அடுத்த வீட்டுக்குப் போயிடுவீங்க." பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னாள், "எங்க குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் முதலாளி முகத்துக்கு நேரா அப்படிப் பேசினதில்ல." திட்டுகிற தொனியில்தான் சொன்னாள். ஆனால் காது வரைக்கும் சிவந்திருந்தது.

மோரக்கின் பயம் வெறும் பயம் இல்லை. உதவித்தொகை விதிகள் அவ்வளவு குழப்பமானவை. ஷோனா அந்த விதிகளையே கரைத்துக் குடித்த ஒரு ஆலோசகரை அழைத்து வந்து, ஒரு மத்தியானம் முழுக்க மோரக்கோடு உட்கார வைத்தாள். ஐல்சா சம்பாதித்தாலும் எது நிற்காது, எது குறையும், வேலை போனால் எது எப்படித் திரும்ப வரும் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தார். மோரக் அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொண்டாள்.

மூன்று வாரம் போயிற்று. ஷோனா வேறு நான்கு இடங்களில் கேட்டுப் பார்த்தாள். இரண்டு இடத்தில் பதிலே இல்லை, இரண்டு இடத்தில் 'பணி அனுபவம் வேண்டுமானால் தருகிறோம்' என்றார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, மாடிப்படியில் கனமான காலடி கேட்டது. டக்கி யூல் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்.

"நெட்டா என்கூடப் பேசறதில்ல," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "டீ போட்டா எனக்கு மட்டும் கிடையாது."

"அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"இல்ல." உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "நான் நல்லது பண்றதாத்தான் நெனைச்சேன், ஷோனா. நெஜமா. அவ ஒரு கேள்வி கேட்டா பாருங்க, காசு குடுத்துத்தானே வாங்கறாங்கன்னு. மூணு வாரமா அதுக்கு ஒரு பதில் தேடறேன். கெடைக்கல. அந்தத் திங்கக்கிழமை வந்த ரெண்டு பேரையும் நான் எடுக்கவும் இல்ல."

ஷோனாவுக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி கரைந்தது. "இத என்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட சொல்லுங்க."

தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒரு மணி நேரத்தில் ஐல்சா தனியாகப் பேருந்தில் வந்து சேர்ந்தாள். டக்கி எழுந்து நின்று, ஷோனாவிடம் சொன்னதையே திரும்பச் சொன்னார். இம்முறை தொப்பியைப் பிசைந்துகொண்டு. கடைசியில், "தப்பு என்னோடதுதான்," என்றார்.

"சரி," என்றாள் ஐல்சா. "எத்தனை நாள்?"

"நாலு நாள். ஏழுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும். மத்தவங்களுக்கு என்ன சம்பளமோ அதே."

ஒப்பந்தம் வந்ததும் ஷோனா அதை எளிய வாக்கியங்களில், பெரிய எழுத்தில் மாற்றி எழுதினாள். கையெழுத்துப் போடுகிற அன்று ஐல்சா வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தாள். டக்கி உதவிக்குக் குனிந்தார். ஷோனா மேசைக்கடியில் அவர் காலை உதைத்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"மூணு மாசம் சோதனைக் காலம்னு போட்டிருக்கு," என்று ஐல்சா தலையைத் தூக்கினாள். "எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

"நெட்டாவுக்கும் இருந்துதா?"

"எங்கப்பா காலத்துல... இருந்திருக்கும்."

"நான் அவகிட்ட கேட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, முழுப்பெயரையும் எழுதினாள்.

அந்தச் சோதனைக் காலம் நவம்பரில் முடிந்தது. அதையொட்டிய பரிசீலனைக்காக ஷோனா பேக்கரிக்குப் போனபோது மணி பத்து இருக்கும். பின்வாசல் கண்ணாடி வழியே பார்த்தாள். ஐல்சா மேசையின் நடுவில் நின்றிருந்தாள். யாரோடோ வாதாடிக்கொண்டிருந்தாள், கை தன் பாட்டுக்கு ஓரம் கொசுவிக்கொண்டிருந்தது. ஷோனா கதவைத் தட்டினாள். ஐல்சா நிமிர்ந்து பார்த்தாள், கையை நிறுத்தவில்லை.

"வேலை நேரம், ஷோனா! பத்தரைக்குத்தான் டீ. அதுவரைக்கும் வெளிய நில்லுங்க, உள்ள முடி விழும்!"

"காதுல விழுந்துதா?" என்றாள் நெட்டா. "வெளிய!"

ஷோனா வெளியே நின்றாள். குளிர் எலும்பைத் துளைத்தது. கையுறையைக் காரிலேயே விட்டிருந்தாள், போய் எடுத்து வர மனசில்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்று, உள்ளே ஓடுகிற கைகளையும் அசைகிற வாய்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் ஒருவர் கடந்து போகையில், "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்டார். "பிரைடி மேசைல வேலை செய்யற ஐல்சா பெட்ரிக்கு," என்றாள். அவர் கேட்டதைவிடச் சத்தமாகவே சொன்னாள்.

பத்தரைக்கு ஐல்சா இரண்டு கோப்பைத் தேநீரோடு வெளியே வந்து, ஒன்றை நீட்டினாள். ஷோனா படிவத்தை எடுத்தாள். வேலை பிடித்திருக்கிறதா, யாராவது தொந்தரவு தருகிறார்களா, உதவி ஏதும் தேவையா என்று வரிசையாகக் கேட்டாள். பிடித்திருக்கிறது. நெட்டா தொந்தரவு தருகிறாள், எல்லோருக்கும் தருகிறாள். உதவி தேவையில்லை.

"அப்போ அடுத்த வாரம் கடைசியா ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு, உன் ஃபைல மூடிடட்டுமா?"

இந்தத் தடவை ஷோனா முதலில் அவளைக் கேட்டாள்.

"மூடிடுங்க. ஆனா அடுத்த வாரம் வராதீங்க," என்றாள் ஐல்சா. "நான் இருக்க மாட்டேன். அம்மாவைக் கூட்டிக்கிட்டு எடின்பரோ போறேன், மூணு நாள். ஓட்டல்ல தங்கறோம். ரூம் நான்தான் போட்டேன்."

"அப்போ வேலை?"

ஐல்சா தேநீரை ஒரு வாய் குடித்தாள். இவ்வளவுகூடத் தெரியாத ஆளா என்பது போல ஷோனாவைப் பார்த்தாள்.

"லீவு போட்டிருக்கேன், ஷோனா," என்றாள். "சம்பளத்தோட."